கடற்புறத்தில் குடிபுகலாமா?

வினாவின் தன்மை

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, நகரத்து இரைச்சலும் தூசியும் இனிப் போதும் என்று மனம் சலித்த ஒருவர், மார்கழியிலோ தையிலோ குடும்பத்தோடு கன்னியாகுமரிக்கு யாத்திரை வந்து, மாலைக் கதிரவன் மேலைக் கடலில் அமிழ்வதைக் கண்டு, திரும்பும் வழியில் முட்டத்திலோ குளச்சலிலோ தேங்காப்பட்டணத்திலோ ஒரு தென்னந்தோப்பின் நிழலில் வண்டியை நிறுத்தி இளநீர் அருந்தும் வேளையில், ‘இங்கேயே பத்துச் செண்ட் வாங்கி ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டு மிச்ச நாளைக் கழித்தால் என்ன?’ என்று கேட்பது இக்காலத்தில் சர்வசாதாரணமாகிவிட்டது. வீட்டிலிருந்தபடியே கணினியில் ஜீவனம் நடத்தும் இளைஞரும், வளைகுடா நாடுகளில் பல்லாண்டு உழைத்துத் திரும்புகிறவரும், பிள்ளைகள் அயல்நாட்டில் தங்கிவிட்ட பெற்றோரும் இதே வினாவைக் கேட்கின்றனர். வினா எளிது, விடையும் எளிதாகவே தோன்றும். ஆயினும் ஊர் மாறுதல் என்பது மரத்தைப் பெயர்த்து நடுவது போன்ற காரியமாதலின், இதனை நாலு திக்கிலிருந்தும் நோக்கி ஆராய்வதே நலம்.

பண்டைத் தமிழ் இலக்கண நூலார், கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தல் நிலத்துக்குக் கதிரவன் சாயும் பொழுதாகிய எற்பாட்டைச் சிறுபொழுதாகவும், இரங்கலை உரிப்பொருளாகவும் வகுத்தனர். கடலுக்குப் போனவன் திரும்பி வரும்வரை கரையில் நின்று ஏங்குவதே அந்நிலத்தின் உயிர்நிலை என்று அவர்கள் கண்டனர் போலும். சுற்றிப் பார்க்க வருகிறவர் கண்ணில் முதலிற் படுவது எற்பாடு. அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். இரங்கலை அறியவோ, ஓராண்டேனும் அவ்வூரில் உண்டு உறங்கி, காற்றும் மழையும் மாறுவதைக் கண்டிருக்கவேண்டும். நம் அபிப்பிராயத்தில், கடற்புறத்தில் குடிபுகத் தீர்மானிக்கிறவர் எடைபோடவேண்டியவை பல இருப்பினும், அவை யாவும் ‘எற்பாட்டை மட்டும் நம்பி வருகிறோமா, இரங்கலிலும் பங்கேற்க ஒருப்பட்டு வருகிறோமா?’ என்னும் ஒரு கேள்வியில் அடங்கும்.

இரு கரைகள்

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தபோது உருவான கன்னியாகுமரி மாவட்டம், பரப்பில் 1,672 சதுர கிலோமீட்டரே உடையது. கிழக்கே ஆரோக்கியபுரத்தில் தொடங்கி மேற்கே கேரள எல்லையை ஒட்டிய நீரோடியில் முடியும் இதன் கடற்கரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர். இச்சிறு நீளத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட மீனவ ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முதல் இரண்டு தாலுகாக்களும் நாஞ்சில் நாடு எனப் பெயர் பெற்ற நெல்வயற் பூமி. பின்னிரண்டும் மரச்சீனியும் ரப்பரும் தென்னையும் மிகுந்த மேட்டு நிலம். பேச்சும் உணவும் வீட்டமைப்பும்கூட மேற்கே போகப் போக மலையாளச் சாயல் கொள்ளும்.

வெளியூரார் பலர் அறியாத ஒரு விஷயம், குமரிமுனை இக்கரையை இரண்டாகப் பிரிக்கிறது என்பதாம். முனைக்குக் கிழக்கே சின்னமுட்டம் துறைமுகத்து விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. மேற்கே குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் துறைமுகங்களுக்கோ ஜூன் முதல் நாள் தொடங்கி ஜூலை இறுதி வரை தடை. ஒரே மாவட்டத்துக்குள், பேருந்தில் ஒரு மணிப் பயணத் தொலைவில், கடலின் நாட்காட்டி மாறிவிடுகிறது. கிழக்கு முனையில் மழை குறைவு, காற்று மிகுதி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்றினாலேயே முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் எழுந்தன. மேற்கே தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் மழை பொழியும். ஆனி, ஆடி மாதங்களில் கடல் கரையேறி வந்து வீட்டு வாசலைத் தட்டும்.

ஊர்களும் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. கன்னியாகுமரி யாத்திரிகர்களின் ஊர். 1970-இல் விவேகானந்தர் பாறை நினைவு மண்டபமும், 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையும் திறக்கப்பெற்றன. இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறக்கப்பெற்றது. சித்திரைப் பௌர்ணமியில் ஒருபுறம் கதிரவன் மறைவும் மறுபுறம் நிலவின் எழுச்சியும் ஒருங்கே காணும் பாக்கியம் அங்குண்டு. அமைதி வேண்டுவோர்க்கு அது உரிய இடமன்று. மணக்குடி, பழையாறு கடலோடு கலக்கும் கழிமுகம். உப்பளமும் அலையாத்தி மரங்களும் பறவைகளும் நிறைந்தது. முட்டம், பாறையும் கலங்கரை விளக்கமும் உடையது. 1981-இல் வெளிவந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ திரைப்படத்தால் தமிழகம் முழுதும் அறிமுகமாயிற்று. குளச்சல், கடைவீதியும் மருத்துவமனையும் பேருந்து வசதியும் கொண்ட முழுமையான சிறுநகரம். தேங்காப்பட்டணம், குழித்துறைத் தாமிரபரணி கடலில் விழும் இடம். நாவலாசிரியர் தோப்பில் முஹம்மது மீரான் பிறந்த ஊர். அதற்கும் மேற்கே தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்னும் ஊர்கள், ஒருபுறம் கடலும் மறுபுறம் கால்வாயும் நெருக்க, சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீடுகளைக் கொண்டவை; வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறா பிடிக்கும் தீரர்களின் ஊர்கள் அவை. ஆகவே ‘குமரிக் கடற்கரைக்குப் போகிறேன்’ என்று சொல்வது போதாது. எந்தத் துறைக்கு என்பதே முதற் கேள்வி.

முன்னே வந்தவர்கள்

இக்கரைக்கு அந்நியர் வருவது புதிதன்று. 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்ம மகாராஜாவின் படையிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனித் தளபதி டிலனாய், பகைவனாக வந்து இறங்கியவர். பின்னர் அதே அரசனின் படையைச் சீர்திருத்தி, ‘வலிய கப்பித்தான்’ என்று மக்கள் அழைக்க வாழ்ந்து, 1777-இல் மறைந்து, உதயகிரிக் கோட்டையிலேயே அடக்கமானார். மற்றொருவர் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல். 1922-இல் எவரெஸ்ட் சிகரத்தை ஏற முயன்ற குழுவில் ஒருவராகிய அவர், அதன்பின் தென்னாடு பார்க்க வந்து, குளச்சலுக்கு அணித்தேயுள்ள நெய்யூரில் 1838-இல் தொடங்கப்பெற்ற மிஷன் மருத்துவமனையைக் கண்டார். நோயாளிகளின் திரளையும் மருத்துவர்களின் குறைவையும் பார்த்துவிட்டு, லண்டனில் தமக்குக் காத்திருந்த உயர்ந்த எதிர்காலத்தைத் துறந்து, நெய்யூருக்கே திரும்பி வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் பணி செய்தார். மலையின் உச்சியை நாடியவர் கடலோரத்துச் சிற்றூரில் தங்கியதற்குக் காரணம் காட்சியின்பமன்று. தம்மால் ஆகவேண்டிய ஒரு காரியம் அங்கே இருந்ததேயாம்.

இவ்விருவர் சரித்திரத்தையும் சாமானியருக்கு அளவுகோலாக வைப்பது மிகையென்று தோன்றலாம். ஆயினும் அவற்றில் ஒரு சிறு உண்மை எல்லார்க்கும் பொருந்தும். எந்த ஊரிலும் வேர் கொள்கிறவர், அவ்வூருக்கு ஏதேனும் ஒன்றைத் தருகிறவரே. கணக்கு அறிந்த ஓய்வூதியர் மாலையில் நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம். செவிலியராய் இருந்தவர் முதியோர்க்கு இரத்த அழுத்தம் பார்த்துச் சொல்லலாம். அத்தகைய தொடர்பு ஒன்றும் இன்றி மதில் எழுப்பிக் கதவடைத்து வாழ்கிறவருக்கு இரண்டாம் ஆண்டே தனிமை வந்து சேரும். அப்போது அலையோசையும் ஆறுதல் தாராது.

இதற்கு மறுதலையாக, கரையில் பிறந்தவர்கள் வெளியேறிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதையும் வருகிறவர் சிந்திக்கவேண்டும். வளைகுடாவுக்குச் சென்று அந்நிய முதலாளிகளின் படகில் மீன் பிடிப்போர், கொச்சியையும் குஜராத்தையும் தளமாகக் கொண்டு தொழில் செய்வோர், படித்து நகரத்து அலுவலகங்களில் அமர்ந்தோர் எனப் பல திறத்தார் உளர். கல்வியில் தமிழகத்தில் முதன்மை பெற்ற மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு ஏறத்தாழ 92 விழுக்காடு. அத்தனை படித்தவர்க்கும் உள்ளூரில் வேலையில்லை. ஆதலின், சம்பாத்தியத்தை இங்கு வந்து தேடலாம் என்று எண்ணுகிறவர் வாராதிருத்தலே நன்று. வருவாயை முன்னரே உறுதி செய்துகொண்டவர்க்கே இவ்வாராய்ச்சி பயன்படும்.

கடலின் கணக்கு

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எழுந்த ஆழிப்பேரலை, தமிழகத்தில் நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியாக இம்மாவட்டத்திலேயே மிகுந்த உயிர்களைக் கொண்டுபோயிற்று. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய இடங்கள் பெரிதும் அழிந்தன. மணக்குடிப் பாலமே பெயர்ந்து போயிற்று. கொட்டில்பாட்டில், முன்னே கடலும் பின்னே அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயுமாக அமைந்த நிலத்தில், ஓடிப் பிழைக்க முயன்றவர்களும் நீரிற் சிக்கினர். பூவாற்றையும் குமரியையும் இணைக்கக் கருதி 1860-இல் தொடங்கப்பெற்று, முற்றுப்பெறாமலே நின்று, தூர்ந்தும் சுருங்கியும் போன அக்கால்வாய், அன்று வழியை அடைத்த அகழியாயிற்று. வீடு பார்க்க வருகிறவர் முன்வாசலில் நின்று கடலை நோக்குகிறார்; பின்வாசலில் நின்று மேட்டு நிலத்துக்குப் போகும் வழியையும் நோக்கவேண்டும் என்பதே இத்துயரம் உணர்த்தும் பாடம்.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் வேறொரு விதமானது. குமரிமுனைக்குத் தெற்கே, கரையைத் தொடாமலே கடந்த அப்புயல், நிலத்தில் வாழையையும் ரப்பரையும் மின்கம்பங்களையும் முறித்துத் தள்ளி, ஊர்களைப் பல நாள் இருளில் ஆழ்த்தியது. ஆயினும் அதன் கொடுமை முழுதும் வெளிப்பட்டது கடலில். எச்சரிக்கை எழும் முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட தூத்தூர் வட்டாரத்து மீனவர் பலர் திரும்பவில்லை. உடலும் கிடையாமல், ‘இறந்தார்’ என்று சொல்லவும் மனம் வாராமல், பெண்கள் நாட்கணக்கில் கரையில் காத்திருந்தனர். இரங்கல் என்று பண்டையோர் வகுத்த பொருள் ஏட்டில் மட்டும் இருப்பதென்று கருதியிருந்தவர்க்கு அந்த டிசம்பர் மாதம் வேறு விதமாகக் கற்பித்தது.

பேரிடர் அடிக்கடி வருவதன்று. ஆயினும் ஆண்டுதோறும் வருவன சில உண்டு. அவற்றுள் ஒன்று ‘கள்ளக்கடல்’. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இந்துமா சமுத்திரத்தில் எழும் புயல்கள் கிளப்பும் நெடிய அலைகள், பல நாள் பயணம் செய்து, வானம் தெளிந்து காற்று ஓய்ந்திருக்கும் ஒரு பகலில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியேதும் இன்றிக் கரையேறும். திருடனைப் போல் வருவதால் மீனவர் இட்ட பெயர் அது. 2024 மே 6-ஆம் நாள் கணபதிபுரத்துக் கடற்கரையில் நீராட இறங்கிய இளம் மருத்துவ மாணவர் ஐவரைக் கொண்டுபோனதும் இத்தகைய அலையே. கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதனை ஏமாற்றுவது சீற்றங் கொண்ட கடலன்று, அமைதியான கடலே என்பதை உள்ளூர்க் குழந்தையும் அறியும். வெளியூரார்க்கு அது சொல்லித் தெரியவேண்டியது.

மற்றொன்று கடலரிப்பு. மேலைக் கரையின் பல ஊர்களில் ஆனி ஆடியில் அலை மணலை அள்ளிச் செல்ல, வீடுகள் அடித்தளம் பறிபோய் விழுவது புதிய செய்தியன்று. இதனைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினர். பின்னர்த் ‘தூண்டில் வளைவு’ எனப்படும் கல்முனைகளைக் கடலுக்குள் நீட்டினர். கரையோரமாக நகரும் மணலை அம்முனை தடுத்து ஒருபுறம் சேர்க்கும். ஆயின் மணல் வரத்து அற்றுப்போகும் மறுபுறத்து ஊர் அரிபடும். ஆகவே ஓர் ஊரின் காப்பு அடுத்த ஊரின் அச்சமாவதுண்டு. தேங்காப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டதால் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. ஆதலின், நிலம் காட்டுகிறவர் ‘இங்கே கல் போட்டாயிற்று, இனிப் பயமில்லை’ என்று சொல்வதை அப்படியே ஏற்றல் கூடாது. அவ்விடத்தில் முப்பது ஆண்டுக்கு முன் கரை எங்கே இருந்தது என்று அங்கே வலை பின்னிக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவரைக் கேட்டால், அவர் கடலுக்குள் விரல் நீட்டிக் காட்டுவார். அவ்விரல் காட்டும் தூரமே நிலத்தின் உண்மையான பத்திரம்.

நீரும் மணலும்

கடற்காற்று ஆரோக்கியம் தரும் என்பது பொது நம்பிக்கை. மனித உடலுக்கு எப்படியாயினும், இரும்புக்கு அது பகை. கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பி உப்பேறித் துரு பிடித்து வீங்கி, மேற்பூச்சை வெடிக்கச் செய்வதைக் கடலோரத்து எந்தப் பழைய கட்டடத்திலும் காணலாம். ஜன்னற் கம்பியும் மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் உள்நாட்டில் இருக்கும் காலத்திற் பாதியும் இராமல் பழுதாகும். ஓடும் மரமும் கொண்டு, காற்றோட்டமும் நீண்ட இறவாரமும் அமைத்துப் பழையோர் கட்டிய வீடுகளில் ஒரு தத்துவம் இருந்தது. அதனைப் புறக்கணித்து நகரத்துப் பெட்டி வீட்டை இங்கே கொண்டுவந்து வைப்போர், ஆண்டுதோறும் பழுது பார்க்கும் செலவைத் தண்டமாகக் கட்டவேண்டும்.

குடிநீர் இன்னும் நுட்பமான விஷயம். கடலோர மணலில் மழைநீர் இறங்கி, உள்ளே ஊடுருவியுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கயிறும் வாளியும் கொண்டு இறைத்த காலத்தில் அந்த நன்னீர்ப் படலம் கலையாதிருந்தது. ஆழ்துளையிட்டு மின்மோட்டாரால் அளவின்றி உறிஞ்சும்போது, கீழுள்ள உவர்நீர் மேலெழுந்து கிணறு கெடும். ஒருவர் கிணறு கெட்டால் அயலார் கிணறும் தப்பாது. மேலே, திருவிதாங்கூர் ஆட்சியில் 1906-இல் முடிவுற்ற பேச்சிப்பாறை அணை கோதையாற்று நீரைத் தேக்கி, கன்னிப்பூவும் கும்பப்பூவும் என இரு போகம் விளையும் நாஞ்சில் வயல்களை ஊட்டுகிறது. ஏலாக்கள் எனப்படும் அவ்வயல்வெளிகளும் குளங்களும் உயிரோடிருக்கும்வரையே நிலத்தடியில் நன்னீர் இறங்கும். வயலை நிரவிக் கட்டும் ஒவ்வொரு வீடும் கடற்புறத்துக் கிணற்றில் ஒரு சிட்டிகை உப்பைச் சேர்க்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

மணலும் இங்கே சாதாரண மணலன்று. 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்த நாள்முதல், அக்கரையின் கறுப்பு மணல் உலகச் சந்தையின் கண்ணில் பட்டது. இல்மனைட்டும் மோனசைட்டும் பிரித்தெடுக்கும் மத்திய அரசு ஆலை இன்றும் அங்கே இயங்குகிறது. மோனசைட்டில் தோரியம் இருப்பதால், இப்பகுதியின் இயற்கைக் கதிரியக்கம் பிற இடங்களைவிட மிகுதி. இதே தன்மையுள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல்லாண்டு நிகழ்த்திய ஆய்வு, இக்கதிரியக்கத்தால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை. எனினும் கடற்புறத்து மக்களின் அச்சம் முற்றும் நீங்கியதில்லை. 2024-இல் கிள்ளியூர்ப் பகுதியில் 1,144 ஹெக்டேர் பரப்பில் இக்கனிமங்களை எடுக்கும் திட்டம் வெளிப்பட்டபோது ஊர்கள் திரண்டு எதிர்த்தன. அதற்கு முன் 2016-இல் இனயத்தில் வர்த்தகத் துறைமுகம் அமைக்கும் யோசனைக்கும், பின்னர் அது கோவளம்–மணக்குடிப் பகுதிக்கு மாற்றப்பெற்றபோதும் அவ்வாறே எதிர்ப்பு எழுந்தது. இவற்றின் நியாய அநியாயம் தனி ஆராய்ச்சிக்குரியது. குடிபுக எண்ணுகிறவர் கருதவேண்டியது, இன்று அமைதியாகத் தோன்றும் தோப்பு ஒரு திட்டப்படத்தின் கோட்டுக்குள் இருக்கக்கூடும் என்பதும், அந்நாள் வந்தால் தாம் இழப்பீடு பெற்று அகலும் உரிமையாளராக நிற்போமா, ஊரோடு நிற்கும் குடியாக நிற்போமா என்பதுமாம்.

இடமும் சட்டமும்

2011-இல் இம்மாவட்டத்து ஜனத்தொகை 18 லட்சத்து 70 ஆயிரம். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல், அதாவது தமிழகச் சராசரியின் இருமடங்கு. மலையும் காடும் குளமும் போக மீதியிலேயே இத்தனை பேரும் வாழ்கின்றனர். செண்ட் கணக்கில் நிலம் பேசப்படுவதன் பொருளும் அதுவே. வெற்றிடம் என்று கருதி எவரும் இங்கு வருதல் இயலாது. வருகிறவர் வாங்கும் ஒவ்வொரு துண்டும் உள்ளூர் இளங்குடும்பம் ஒன்று கண்ணிட்டிருந்த துண்டாக இருக்கக்கூடும். வெளிப்பணம் வந்து விலையை ஏற்றிவிட, கரையிற் பிறந்தவன் கரையில் வீடு கட்ட மாட்டாமற் போவது அநீதி. ஆதலின் தேவைக்குமேல் வாங்கிப் போடாதிருத்தல் சட்டம் விதியாவிடினும் தர்மம் விதிப்பதாகும்.

சட்டமும் ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. 1991-இல் முதலில் பிறப்பிக்கப்பெற்று, 2011-இலும் 2019-இலும் திருத்தியமைக்கப்பெற்ற கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடத்துக்கு இடமில்லை. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் நெருக்கமான பகுதிகளில் மட்டும் இது 50 மீட்டராகக் குறைக்கப்பெற்றது. அலையேறும் கழிமுகங்களின் ஓரங்களுக்கும் இத்தகைய வரம்பு உண்டு. ‘கடலைப் பார்த்த மனை’ என்று விளம்பரம் செய்யப்பெறும் நிலத்தில் பல இவ்வெல்லைக்குள் அடங்கும். பட்டா, வில்லங்கச் சான்று, நில அளவைப் படம் ஆகியவற்றோடு, கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் அம்மனை எங்கே விழுகிறது என்பதையும் ஒப்பிட்டுப் பாராமல் முன்பணம் கொடுத்தல் விவேகமன்று. பல வாரிசுகளின் பங்கு பிரியாத குடும்ப நிலம் இங்கே மிகுதி; வெளிநாட்டில் இருக்கும் ஒரு பங்காளியின் கையொப்பம் இல்லாமையால் பத்தாண்டு வழக்கில் கிடக்கும் மனையும் உண்டு.

வாழ்வின் சௌகரியங்கள்

சௌகரியங்களில் இம்மாவட்டம் பல மாவட்டங்களுக்கு மூத்தது. பள்ளியும் கல்லூரியும் மருத்துவமனையும் ஐம்பது கிலோமீட்டர் தேடவேண்டிய நிலை இங்கில்லை. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மேலும் நுட்பமான சிகிச்சைக்குத் திருவனந்தபுரம், நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டருக்குள். விமான நிலையமும் அங்கேயே. 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்தும் 1981-இல் திருநெல்வேலியிலிருந்தும் ரயில் வந்து சேர்ந்தது. 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே வந்தே பாரத் தொடங்கியது. ஆயினும் சென்னையிலுள்ள மகனோ மகளோ ஓர் அவசரத்துக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும் என்பதை முதியோர் மறத்தல் கூடாது. நள்ளிரவில் மார்வலி வந்தால் முட்டத்துக் குறுகிய தெருவிலிருந்து ஆசாரிபள்ளம் எத்தனை நிமிடம் என்பதை, வீடு வாங்கும் முன் ஒருமுறை வண்டியில் சென்று பார்த்துவிடுவது உத்தமம்.

உணவைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. வேகவைத்த மரச்சீனியும் சாளைக் குழம்பும், மட்டிப் பழமும் செவ்வாழையும், ஈத்தாமொழித் தேங்காயும் கிடைக்கும் நாட்டில் நாவுக்குக் குறைவில்லை. தடைக்காலத்தில் மட்டும் பெருமீன் அரிதாகும். அப்போது வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போய் வருகிறவர் கொண்டுவருவதே மீன்.

அயலார்

இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. நகரத்தான் கண்ணுக்குக் கடற்கரை உலாவும் இடம். அவ்வூராருக்கோ அது தொழிற்களம். வலை உலர்வதும், படகு இழுப்பதும், கரைமடி வலிப்பதும், விடியலில் ஏலம் கூவுவதும், நெத்திலி காய்வதும் அங்கேதான். எஞ்சின் ஓசையும் கருவாட்டு நாற்றமும் அதிகாலைக் கோயிலின் ஒலிபெருக்கியும் அவ்வூரின் உயிர்மூச்சு. அவற்றைக் குறையென்று மனு எழுதிக் கொடுக்கத் துணிகிறவர், பிறன் வயலில் வீடு கட்டிக்கொண்டு ஏரோசையைக் கண்டிப்பவரை ஒப்பர்.

கத்தோலிக்க ஊர்களில் பங்குத்தந்தையும் ஊர்க்கமிட்டியும் சொல்லும் சொல்லுக்கு மதிப்புண்டு. தடைக்காலம், திருவிழா, கடல் விபத்து யாவிலும் ஊர் ஒன்றாக நின்று முடிவெடுக்கும். முஸ்லிம் ஜமாஅத்துகள் உள்ள ஊர்களிலும், மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கொடைக்குத் திரளும் ஊர்களிலும் அவ்வவற்றின் கட்டுப்பாடு உண்டு. 1982-இல் மண்டைக்காட்டில் மூண்ட மதக்கலவரம் இக்கரையின் ஆறாப் புண்; அதன்பின் குன்றக்குடி அடிகளார் கடற்புறத்து ஊர்களுக்கு நேரில் வந்து இருதரப்பாரையும் அணைத்து சமாதானம் நாடியது இக்கரையின் பெருமை. வெளியிலிருந்து வருகிறவர் இவ்வரலாற்றை அறிந்து வரவேண்டும். எரிந்து தணிந்த இடத்தில் நெருப்புச் சொல் ஒன்றையும் நாவில் எடாதிருப்பது, இங்கே குடிபுகுவோர் செலுத்தவேண்டிய முதல் வரி.

முடிபு

தனிமையைத் தேடி வருகிறவர்க்கும், நிலத்தை வாங்கிப் போட்டு விலையேறக் காத்திருக்க வருகிறவர்க்கும், அடிக்கடி பெரிய மருத்துவமனை வேண்டும் நோயுடையவர்க்கும், ஓசையும் வாடையும் பொறாதவர்க்கும் இக்கடற்புறம் ஏற்றதன்று. அவர்கள் ஆண்டுக்கொருமுறை வந்து பத்து நாள் தங்கிச் செல்வதே அவர்களுக்கும் ஊருக்கும் நலம். நிலையான வருவாயும், மனிதரோடு கலந்து பழகும் சுபாவமும், பிறர்க்கு உதவும் ஒரு கைத்தொழிலோ கல்வியோ உடையவர்க்கு இது ஏற்றது என்று தயங்காமற் சொல்லலாம்.

அவர்களும் உடனே நிலம் வாங்குதல் கூடாது. வைகாசியில் வந்து வாடகைக்கு ஒரு வீடு எடுக்கவேண்டும். தையில் வந்தால் கடல் தன் இனிய முகத்தையே முதலிற் காட்டிவிடும். ஆனி ஆடியின் கொந்தளிப்பையும், ஐப்பசியின் அடைமழையையும், கார்த்திகைப் புயலையும், மாசித் திருவிழாக் கூட்டத்தையும், சித்திரை வெயிலையும் கண்டு, அடுத்த வைகாசியில் தீர்மானிக்கவேண்டும். தீர்மானம் இருத்தலே ஆயின், அலை தொடும் மணலை மீனவர்க்கு விட்டு, இராஜாக்கமங்கலம், ஈத்தாமொழி, மணவாளக்குறிச்சி, புதுக்கடை போன்ற ஊர்களின் மேட்டுப்பாங்கான தெருக்களில், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்வாங்கி வீடு கொள்வதே அறிவுடைமை. கடலோசை அங்கும் இரவில் கேட்கும். கிணற்று நீர் இனிக்கும். ஓட வழியும் இருக்கும்.

அந்த ஓராண்டில் ஒரு டிசம்பர் 26 வரும். அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் ஊரார் தம் உறவினரை மொத்தமாக அடக்கிய இடங்களில் மெழுகுதிரி ஏற்றி, மலர் வைத்து, பெயர்களை நினைந்து நிற்பர். புதிதாக வந்தவர்க்கு அக்கல்லறையில் உறவினர் எவரும் இல்லை; அவர் போகவேண்டுமென்று யாரும் எதிர்பார்ப்பதுமில்லை. ஆயினும் அன்று காலையில் அவருடைய கால்கள் தாமாகவே அவ்விடம் நோக்கி நடந்து, பின்வரிசையில் ஒரு மூலையில் நின்றால், அவர் அங்கே நிலம் வாங்கலாம்.